விழுபவனும் விழுத்துபவனும்: பிரித்தானிய ஊமைப்படக் கேலியும் தமிழ்க் கோமாளியும்

நகைச்சுவையை ஆய்வுக்குரிய பொருளாகக் கொள்வதில் எமது அறிஞருக்கு நெடுங்காலமாகவே ஒரு கூச்சம் இருந்து வந்துள்ளது. அவலத்தைப் பற்றி எழுதினால் அது புலமை, சிரிப்பைப் பற்றி எழுதினால் அது பொழுதுபோக்கு என்றதோர் எண்ணம் பல்கலைக்கழகச் சூழலில் இன்னும் அற்றுப்போகவில்லை. தொல்காப்பியர் மெய்ப்பாடுகளை எண்ணத் தொடங்கியபோது நகையையே முதலில் வைத்தார். எள்ளலையும் பேதைமையையும் அதன் பிறப்பிடங்களுட் சேர்த்தார். தான் பிறரை எள்ளுதல், பிறரால் தான் எள்ளப்படுதல் என எள்ளலை இருவகைப்படுத்தும் அளவுக்குப் பேராசிரியர் சென்றார். ஆயின் அவ்விருவரும் சமுதாயப் படிமுறையில் எவ்வெவ் இடங்களில் நிற்போர் என்ற வினா அன்று எழவில்லை. இக்கட்டுரையில் நாம் எழுப்ப முற்படுவது அவ்வினாவையே.

இவ்வினா எமக்கு நூல்களிலிருந்து கிடைத்ததன்று. 1990களின் இறுதியில், மின்சாரம் சீராக மீளாத காலத்தில், அச்சுவேலியில் எமது குறிச்சி வாசிகசாலை முன்றிலிலே வாடகைக்கு எடுத்த தொலைக்காட்சிப் பெட்டியிற் படம் காட்டுவார்கள். மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனறேற்றரின் இரைச்சலில் கதாநாயகனின் வசனமும் கேளாது, பாட்டும் கேளாது. ஒருநாள் யாரோ கொணர்ந்த கசெற்றிற் சார்ளி சப்ளினின் 'கோல்ட் றஷ்' இருந்தது. அன்றுதான் முழுப்படமும் எல்லோருக்கும் விளங்கிற்று. பேச்சில்லாத படத்துக்கு ஜெனறேற்றர் ஓர் இடையூறே அன்று. கொட்டகைக் கூத்துக்களைப் பார்த்து வளர்ந்த முதியவர் ஒருவர், சப்பாத்தை அவித்துத் தின்னும் காட்சியில், "இவன் எங்கடை பபூன்தானே, வெள்ளைக்காரன்ரை வேசத்திலை" என்றார். ஒப்பியல் ஆய்வில் நாம் பின்னர் கற்ற பலவற்றிலும் பார்க்க இவ்வொரு வாக்கியம் பெறுமதி மிக்கது என்றே கருதுகிறோம்.

முதலிற் பிரித்தானியாவை நோக்குவோம். ஊமைப்பட நகைச்சுவை கமெராவின் குழந்தை எனப் பொதுவாகக் கூறப்படுவதுண்டு. உண்மையில் அதன் தாய்வீடு 'மியூசிக் ஹோல்' எனப்பட்ட, தொழிலாளர் கூடிய கேளிக்கை மண்டபங்களாகும். 1843ஆம் ஆண்டின் அரங்கச் சட்டம், வசனத்தோடு கூடிய நாடகத்தை உரிமம் பெற்ற அரங்குகளுக்கே உரித்தாக்கியது. பாட்டும் வித்தையும் மண்டபங்களுக்கு. நாடகமோ மேலோரின் அரங்குகளுக்கு. இத்தடையின் விளைவு யாது? வாய் அடைக்கப்பட்ட கலைஞர் உடம்பாற் பேசத் தொடங்கினர். கழைக்கூத்தாடியாகத் தொழில் தொடங்கிய பிரெட் கார்ணோ, வசனம் குறைந்த, விழுதலும் மோதுதலும் துரத்துதலும் நிறைந்த குறுநாடகங்களை ஒரு தொழிற்சாலையின் ஒழுங்கோடு உருவாக்கினார். 1904இல் அவரது குழுவினர் மேடையேற்றிய 'மம்மிங் பேர்ட்ஸ்' மேடைக்குள் இன்னொரு மேடையை வைத்து, மட்டமான கேளிக்கை நிகழ்ச்சி ஒன்றையும், அதனை உயர்ந்த இருக்கையிலிருந்து குழப்பும் குடிகாரச் சீமானையும் ஒருங்கே எள்ளியது. அச்சீமானாக நடித்துப் பெயர்பெற்றவர், லண்டன் வறியோர் விடுதியில் இளமையிற் சிலகாலம் கழித்து, 1908இற் கார்ணோவிடம் சேர்ந்த சப்ளின். ஸ்ரான் லோறலும் அதே பட்டறையில் வார்க்கப்பட்டவரே. இவர்கள் அமெரிக்கா சென்றபோது ஊமைப்படம் இவர்களுக்குப் புதிதாக எதனையும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை. ஆளும் வர்க்கத்தின் சட்டம் ஒன்று மௌனத்தை விதித்தது, அம்மௌனமே உலகமொழியாயிற்று. வரலாற்றின் முரணியக்கத்துக்கு இதனினும் துலக்கமான எடுத்துக்காட்டுக் கலைத்துறையில் அரிது.

இந்நகைச்சுவைக்கு ஆங்கிலத்தார் இட்ட 'ஸ்லப்ஸ்ரிக்' என்ற பெயரும் நோக்கத்தக்கது. பழைய ஐரோப்பியக் கோமாளி கையில் வைத்திருந்த, இரு மெல்லிய பலகைகளை இணைத்துச் செய்த மட்டை அது. அடித்தால் ஓசை பெரிது, நோவு சிறிது. நோவில்லாத அடி என்பதிலேயே இக்கலையின் ஆற்றலும் மயக்கமும் ஒருங்கே அடங்கியுள்ளன. நிஜவாழ்க்கையில் அடிபடுபவன் எழுவதில்லை. படத்தில் அடிபடுபவன் எழுந்து திருப்பி அடிக்கிறான்.

ஆனால் அடிபடுபவன் யார்? றொபேட் போல் என்பார் 1901இல் எடுத்த 'நாட்டுப்புறத்தானும் சினிமாவும்' என்ற குறும்படம், திரையில் வரும் புகைவண்டியை உண்மையென நம்பி வெருண்டோடும் கிராமத்தானைக் காட்டிற்று. சினிமா தன்னைத்தானே கேலி செய்த மிகப்பழைய படங்களுள் ஒன்று இது. அடுத்த ஆண்டே அமெரிக்காவில் எடிசன் நிறுவனம் இதனைப் பார்த்து இன்னொன்று செய்தது. பட்டிக்காட்டான் மிட்டாய்க்கடையைப் பார்த்த கதை எமக்கும் பழக்கமானதே. மனங்கொளத்தக்கது யாதெனின், இப்படத்தைப் பார்த்துச் சிரித்த நகரத் தொழிலாளருட் பலர் ஓரிரு தலைமுறைக்கு முன்னர் கிராமத்தைவிட்டு வந்தவர்களின் மக்கள் என்பதாகும். தம் பாட்டனைப் பார்த்துச் சிரிப்பதன்மூலம் தாம் நகரத்தார் என நிறுவிக்கொள்ளும் சிரிப்பு அது. கீழ்நோக்கிய சிரிப்பு என இதனைக் குறிக்கலாம்.

அதே ஆண்டில் ஜேம்ஸ் வில்லியம்சன் எடுத்த 'பெரும் விழுங்கல்' முற்றிலும் வேறானது. தன்னைப் படம்பிடிப்பதை விரும்பாத ஒருவன் கமெராவை நோக்கி நெருங்கி நெருங்கி வந்து, வாயைத் திறந்து, கமெராவையும் அதனை இயக்குபவனையும் விழுங்கிவிட்டு, திருப்தியோடு மென்றபடி பின்வாங்குகிறான். ஒரு நிமிடத்துக்குச் சற்றே கூடிய படம். பார்க்கப்படும் பொருளாக மட்டும் இருக்க மறுக்கும் மனிதனை இதிலும் சுருக்கமாக யாரும் காட்டியதில்லை. குடியேற்ற நாட்டவரான எமக்கு இதில் ஒரு தனிச்சுவை உண்டு. இலங்கைக்குச் சினிமா வந்த கதையை நினைவுகூர்க. 1901இல் ஆளுநர் வெஸ்ற் றிட்ஜ்வேக்கும், இங்கு சிறைவைக்கப்பட்டிருந்த பூவர் யுத்தக் கைதிகளுக்கும் பிரித்தானியச் செய்திப்படங்கள் காட்டப்பட்டமையே முதற் படக்காட்சியாகக் கூறப்படுவது. தோற்றவர்களுக்குத் தம் வெற்றியைத் தாமே காட்டுதல்! ஏகாதிபத்தியம் எமக்கு முதலிற் காட்டியது தன் கம்பீரமான முகத்தையே.

அம்முகத்தைப் பிரித்தானியக் கோமாளிகளே கலைத்தார்கள் என்பது ஏனோ எமது சினிமா வரலாறுகளிற் பேசப்படுவதில்லை. 1913இல் வோட்டர்லூ யுத்தத்தைப் பற்றி, பெருஞ்செலவிலே, குதிரைப்படைகளோடு தேசபக்திப் படம் ஒன்று வெளியாயிற்று. அதே ஆண்டில், 'பிம்பிள்' என்ற கோமாளிப் பாத்திரத்தாற் பெயர்பெற்ற பிரெட் எவன்ஸ் தம் 'பிம்பிளின் வோட்டர்லூ யுத்த'த்தை வெளியிட்டார். எமது பொய்க்காற் குதிரையை நினைவூட்டும் துணிக்குதிரைகள், விரலால் எண்ணத்தக்க வீரர்கள், பலகையில் எழுதிய பின்னணிகள். கையிற் காசில்லாமையையே எவன்ஸ் கலையாக்கினார். மூலப்படத்தின் பிரமாண்டம் எவ்வளவுக்குச் செலவால் ஆனதோ, அவ்வளவுக்கு அதன் புனிதமும் செலவால் ஆனது என்பதை அவருடைய வறிய படம் போகிறபோக்கில் அம்பலமாக்கிவிட்டது. நையாண்டிப் படைப்பின் பொருளியல் அடிப்படை இதுவேயாம்: மூலதனம் உள்ளவன் காவியம் செய்கிறான், இல்லாதவன் அதன் போலியைச் செய்கிறான்.

1920களில் இக்கேலி கல்வியறிவுடையோர் கைக்கு மாறியது. ஏட்றியன் புறூணல் 1924இல் எடுத்த 'மாபெரும் சக்றாடாவைக் கடத்தல்', சகாராவைக் கடந்த வெள்ளையரின் பயணப்படத்தைக் கேலி செய்தது. பிறர் எடுத்த பயணப்படத் துண்டுகளை வெட்டி ஒட்டி, பொருந்தாத தலைப்பு எழுத்துக்களை இடையிட்டு, 'இருண்ட நாடுகளை'க் கண்டறியும் வீரனை அவர் நகைப்புக்கிடமாக்கினார். அடுத்த ஆண்டு செய்திப்படங்களும் அவர் கத்திரிக்குத் தப்பவில்லை. உலகப்போரிற் பிரித்தானிய யுத்த அமைச்சின் கையிலிருந்த 'ரொப்பிக்கல் பட்ஜெற்' என்ற செய்திப்படத் தொடரே அவரது இலக்காயிற்று. புறூணலின் கூட்டாளியும், பின்னர் பொதுவுடைமைவாதியாக அறியப்பட்டவருமான ஐவர் மொன்ரேகு, எச். ஜி. வெல்ஸின் கதையைக் கொண்டு 1928இல் எடுத்த 'புளூபொட்டில்ஸ்' இவ்வரிசையில் எமக்கு மிகவும் பிடித்தமானது. வீதியிற் கிடந்த பொலிஸ் விசிலை எல்சா லன்செஸ்ரர் ஏற்ற ஏழைப் பெண் ஒருத்தி எடுத்து விளையாட்டாக ஊதுகிறாள். பொலிஸார் வருகின்றனர், பின் மேலும் பொலிஸார், பின் இராணுவம், கடற்படை. அரசு என்பது ஒடுக்குமுறைக் கருவி என்று பக்கம் பக்கமாக விளக்குவதை ஒரு விசில் விளக்கிவிடுகிறது. யாழ்ப்பாணத்து வாசகருக்கு நாம் இதற்கு மேல் உரை எழுத வேண்டியதில்லை.

ஆயினும் இவ்விரு கட்டங்களுக்கும் இடையிலுள்ள வேறுபாடு மறக்கப்படலாகாது. எவன்ஸின் படங்கள் மலிவான கொட்டகைகளில் உழைப்பாளர் பார்த்தவை. புறூணலும் மொன்ரேகுவும் 1925இல் லண்டனில் அமைந்த திரைப்படச் சங்கத்தைச் சார்ந்தவர்கள். அவர்களது கேலி கூர்மையானது, ஆனால் அதற்குரிய சபை சிறிது. அமெரிக்க மூலதனம் பிரித்தானியத் திரைகளை நிரப்பியபோது எவன்ஸ் தொழிலிழந்தார். மக்களிடமிருந்து எழுந்த கேலியை அறிவாளர் கூர்மைப்படுத்துவதும், கூர்மைப்பட்டதும் அது மக்களைவிட்டு விலகுவதும் லண்டனுக்கு மட்டும் உரிய துன்பமன்று.

(சற்று விலகி ஒன்று கூறலாம். 1939இல் 'பொயற்றி லண்டன்' என்ற கவிதை ஏட்டைத் தொடங்கி ஆங்கிலக் கவிஞர் பலருக்குக் களமமைத்த தம்பிமுத்து அச்சுவேலியிற் பிறந்தவர். எமது ஊர் லண்டனுக்கு ஒரு பதிப்பாசிரியரை அனுப்பியது. லண்டன் எமக்கு அனுப்பிய ஊமைக் கோமாளி ஜெனறேற்றர் வெளிச்சத்தில் அறுபதாண்டு பிந்தி வந்து சேர்ந்தான்.)

இனித் தமிழ் மரபுக்கு வருவோம். கூத்திலே கட்டியகாரன் அரசனின் வரவை அறிவிப்பவன்; அறிவித்தபடியே அரசனைக் கிண்டல் செய்யும் உரிமையும் அவனுக்கு உண்டு. பார்சி நாடக வழிவந்த கொட்டகைக் கூத்தில் அவன் பபூன் ஆனான். யாழ்ப்பாணத்தார் நாளாந்தம் வழங்கும் 'பகிடி' என்ற சொல் அவனது தொழிலையே குறிக்கும். இங்கும் சட்டத்தின் கை நீண்டிருந்தது. ஆங்கிலேயர் இந்தியாவில் 1876இல் நாடக நிகழ்த்துகைச் சட்டத்தை இயற்றி, அரசுக்கு ஒவ்வாத நாடகங்களைத் தடைசெய்யும் அதிகாரத்தைப் பெற்றனர். எழுத்துப்பிரதியைத் தடைசெய்யலாம், பிரதியில் இல்லாததை எவ்வாறு தடைசெய்வது? பபூனின் பேச்சு எழுதப்படாதது, அன்றன்று பிறப்பது. ஆகவே பிரித்தானியாவிற் சட்டம் கோமாளியை ஊமையாக்கியது; எம்மிடையே அவனை வாயாடியாக்கியது. தமிழ்நாட்டு மேடையில் விசுவநாததாஸ் வள்ளி திருமணத்துத் தினைப்புனப் பறவைகளை வெள்ளையர்மீது ஏற்றிப் பாடிச் சிறை சென்றது இச்சூழலிலேதான். அவர் பபூன் அல்லர், முருகன் வேடக்காரர். ஆனால் புராணத்தை நிகழ்காலத்தின் பகிடியாக்கும் வித்தை பபூனுடையதே.

தமிழ்ப்படம் பேசத் தொடங்கியபோது (1931) இவ்வாயாடிகளே அதன் நகைச்சுவை நடிகராயினர். எமது சினிமாவில் அடிதடியிலும் பார்க்க வாய்ச்சொல் மேலோங்கியமைக்கு இதுவொரு காரணம். கதையோடு ஒட்டாது நகைச்சுவைப் பகுதியைத் தனியே எடுத்து இடையிற் செருகும் வழக்கத்தைப் பலரும் கலைக்குறை எனக் கண்டிப்பர். நாமோ அதனைக் கொட்டகையின் தொடர்ச்சியாகக் காண்கிறோம். புராணக்கதை ஒருபுறம் நடக்க, மறுபுறம் அதற்கு நேரெதிராகப் பகிடி நடக்கும்.

பம்மல் சம்பந்த முதலியாரின் நாடகத்தைத் தழுவி 1941இல் வெளிவந்த 'சபாபதி' தனிக்கவனத்துக்குரியது. எசமானின் பெயர் சபாபதி, வேலைக்காரனின் பெயரும் சபாபதி. காளி என். ரத்தினம் ஏற்ற வேலைக்காரன் இட்ட கட்டளையைச் சொல்லுக்குச் சொல் நிறைவேற்றி எல்லாவற்றையும் கெடுக்கிறான். மேலோட்டமாக நோக்கின் இது வேலைக்காரனின் பேதைமையைச் சிரிக்கும் கீழ்நோக்கிய சிரிப்பே. ஆனால் ரி. ஆர். இராமச்சந்திரன் ஏற்ற செல்வந்த எசமானும் அதே அளவு பேதை. இருவரையும் வேறுபடுத்துவது சொத்து ஒன்றுதான். பெயரொற்றுமை இதனை வெளிச்சமாக்கிவிடுகிறது. நீதிபதியாயிருந்த முதலியார் இப்பொருளைக் கருதி எழுதியிருப்பார் என நாம் வாதிடவில்லை. நூலாசிரியன் கருதாததையும் நூல் சொல்லும்.

நையாண்டிப் படைப்பின் உச்சமெனக் கூறத்தக்கது கலைவாணர் என். எஸ். கிருஷ்ணனின் 'கிந்தனார்' காலட்சேபம். உடுமலை நாராயணகவியின் பாட்டுக்களோடு அமைந்த இது 'நல்லதம்பி' (1949) படத்தில் இடம்பெற்றது. கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரம் தமிழரின் உள்ளத்தை எத்துணை ஆட்கொண்டிருந்தது என்பதைத் திரையுலகமே காட்டும்: 1935இல் கே. பி. சுந்தராம்பாள் அக்காலத்திற் கேட்டறியாத ஓரிலட்சம் ரூபா ஊதியம் பெற்று நந்தனாக நடித்தார். 1942இல் ஜெமினி நிறுவனம் தண்டபாணி தேசிகரைக் கொண்டு மீண்டும் எடுத்தது. வோட்டர்லூப் படத்துக்குப் பிம்பிள் எவ்வாறோ, இப்பெருஞ்செலவுப் பக்திக்குக் கிந்தனார் அவ்வாறு எனலாம். ஆயின் ஒப்புமை இவ்விடத்தில் நின்றுவிடுகிறது. எவன்ஸ் மூலத்தைக் கவிழ்த்தார். கலைவாணர் மூலத்தைத் திருப்பினார்.

நந்தன் சிதம்பரம் போக ஏங்குகிறான். கிந்தன் பள்ளிக்கூடம் போக ஏங்குகிறான். பாகவதரின் உடையும் தொனியும் இழுவையும் எள்ளப்படுகின்றன. கதைசொல்லும் முறை எள்ளப்படுகிறது. ஆனால் ஒடுக்கப்பட்டவனின் ஏக்கம் ஓரிடத்திலேனும் எள்ளப்படவில்லை. இது எளிதிற் கைவரும் கலையன்று. நந்தன் தீயில் மூழ்கித் தன் உடம்பின் 'இழிவை' நீக்கிய பின்னரே கோயிலினுள் ஏற்கப்படுகிறான். அதாவது அவனாக இருத்தல் ஒழிந்த பின்னரே ஏற்கப்படுகிறான். கிந்தனுக்குத் தீ இல்லை, பரீட்சை உண்டு. எரியாமலே அவன் மீள்கிறான், கல்வி அதிகாரியாக. சிரித்துக்கொண்டிருக்கும் சபைக்குத் தான் எதனைக் கண்டு சிரித்தோம் என்பது வீடுசென்ற பின்னரே உறைக்கும்.

கலைவாணரை 'இந்தியாவின் சார்ளி சப்ளின்' என்று புகழ்வது வழக்கமாயிற்று. 1951இற் சோவியத் நாட்டுக்குச் சென்றுவந்த அக்கலைஞர் இப்புகழுரையை வெறுத்திருக்கமாட்டார். எமக்கு அது பொருத்தமாய்ப் படவில்லை. சப்ளினின் நாடோடி எந்நிலையிலும் அதிகாரியாவதில்லை. பல படங்களின் முடிவில் மீண்டும் வீதிக்கே போகிறான். கிந்தன் அதிகாரியாகிறான். சீர்திருத்தவாதத்தின் பலமும் பலவீனமும் இதுவே. தனியொருவன் படித்து மேலேறலாம். அவன் விட்டுவந்த சேரியின் நிலம் யாருடையது என்ற கேள்வி காலட்சேபத்தினுள் நுழைவதில்லை.

அக்கேள்விக்குச் சற்று அண்மையிற் சென்றது எமது குடாநாட்டு மேடையே. 1967இற் தீண்டாமை ஒழிப்பு வெகுசன இயக்கம் தோன்றி, 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலிற் போராட்டம் மூண்ட பின்னணியில், 'நிலவிலே பேசுவோம்' கதையால் நன்கறியப்பட்ட என். கே. ரகுநாதன் 'கந்தன் கருணை' என்ற நாடகத்தை எழுதினார். வாசலில் மறிக்கப்படும் பக்தர்களின் பக்கத்துக்குக் கந்தனே வந்து சேரும் இக்கதையை 'அம்பலத்தாடிகள்' குழுவினர் காத்தான் கூத்துப் பாணியிற் கொண்டு ஆடினர். பக்திக் கூத்தின் மெட்டும் ஆட்டமும் அப்படியே இருக்க, பொருள் தலைகீழாயிற்று. கிந்தனார் காலட்சேபத்தைத் திருப்பியதுபோல இது கூத்தைத் திருப்பியது. ஆனால் இங்கே மேலேறுபவன் தனியொருவன் அல்லன், வாசலில் நிற்கும் கூட்டம். நையாண்டி எனும் வடிவம் சிரிப்போடு நின்றுவிட வேண்டியதில்லை என்பதற்கு எமது மண்ணிலேயே சான்று இருக்க, பிறெக்ற் ஒருவரையே மேற்கோள் காட்டிக்கொண்டிருப்பது எமது ஆய்வாளரின் பழக்கதோஷம்.

ஈழத்துத் தமிழ்ப்படம் அவ்வழியிற் செல்லவில்லை. 1972இல் இயங்கத் தொடங்கிய அரச திரைப்படக் கூட்டுத்தாபனத்தின் காலத்தில் உள்ளூர்த் தமிழ்ப்படங்கள் சில தலைதூக்கின. அவற்றுள் மக்கள் திரண்டு பார்த்தது, எஸ். ராம்தாஸ் எழுதிய வானொலித் தொடரிலிருந்து எழுந்த 'கோமாளிகள்' (1976). மரைக்கார், உபாலி, அப்புக்குட்டி, ஐயர் என நால்வர், நால்வகைத் தமிழ். முஸ்லிமின் தமிழும் சிங்களவரின் தமிழும் யாழ்ப்பாணத்தவரின் தமிழும் பிராமணரின் தமிழும் ஒன்றையொன்று கேலி செய்தன. வார்ப்புப் பாத்திரங்கள் என்று இதனை ஒதுக்கிவிடுதல் எளிது. நாமும் ஒருகாலத்தில் அவ்வாறே ஒதுக்கினோம். இன்று மீளநோக்குமிடத்து, மேல்நோக்கியும் அன்றிக் கீழ்நோக்கியும் அன்றிப் பக்கவாட்டாகச் சிரிக்கும் சிரிப்பு ஒன்று அங்கிருந்தமை புலனாகிறது. நால்வரும் ஒரே அளவு கோமாளிகள். 1983க்குப் பின்னர் அத்தகைய சிரிப்புக்கு இந்நாட்டில் இடம் வெகுவாகக் குறைந்துபோயிற்று.

அதற்கு மாறாக, 2000இற் தமிழ்நாட்டிலிருந்து வந்த 'தெனாலி' படத்தில் ஈழத்து அகதியின் அச்சமும் பேச்சும் சிரிப்புப் பொருளாயின. கமலஹாசனின் நடிப்புத் திறன் பற்றி ஐயமில்லை. அந்த அச்சங்களுக்குப் போரே காரணம் எனப் படமும் ஓரிடத்திற் சொல்கிறது. ஆயினும் கொட்டகையிற் சிரிப்பு எழுந்த இடங்கள் வேறு. றொபேட் போலின் நாட்டுப்புறத்தான் புகைவண்டிக்கு வெருண்டான். தெனாலி எல்லாவற்றுக்கும் வெருள்கிறான். முன்னவன் கண்டது பொய் வண்டி. எம்மவர் கண்ட விமானங்கள் பொய்யல்ல.

இறுதியாக மூலாதாரம் பற்றி ஒரு சொல். எவன்ஸின் ஏறத்தாழ இருநூறு படங்களில் மிகச் சிலவே எஞ்சியுள்ளன. எமது பபூனின் நிலைமை அதனிலும் மோசமானது. அச்சுவேலியில் ஞானப்பிரகாச யந்திரசாலை போன்ற அச்சகங்கள் இருந்து பல நூல்களை வெளியிட்ட மண் இது. நாடகப் பிரதிகள் யாழ்ப்பாணத்தில் நிறையவே அச்சேறின. ஆனால் அச்சேறியவை இராசாவின் பாட்டும் இராணியின் புலம்பலுமே. பபூனின் பேச்சை யாரும் அச்சிடவில்லை. அது தணிக்கைக்குத் தப்பிய காரணமே அது அழிந்த காரணமும் ஆயிற்று. எனவே நாம் சென்ற ஆண்டுகளில் எமது ஊரின் முதியோர் சிலரிடம் சென்று, அவர்கள் நினைவிலுள்ள பகிடிகளைக் குறித்துவரத் தொடங்கினோம். எண்பது வயது கடந்த ஒருவர், தாம் சிறுவனாய்க் கேட்ட ஒரு பபூனின் பேச்சை அவனுடைய குரலிலேயே நடித்துக் காட்டினார். கோயில் முதலாளி ஒருவரின் நடையும், அவர் காணிக் கணக்கும், கூலிக்கு நின்றவனின் பதிலும் அதில் வந்தன. பாதியில் தாமே அடக்கமாட்டாமற் சிரித்தார். பின்னர் படலையை ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "இதை எழுதிப்போடாதையுங்கோ தம்பி, அவையின்ரை ஆக்கள் இன்னும் இருக்கினம்" என்றார்.